கனகாம்பரம் மணந்த கதை

மதுரையில் மல்லிகை மணந்தால் செய்தி இல்லை. கனகாம்பரம் மணந்தால் செய்தி.

கனகாம்பரம் பார்க்க லட்சணமான பூ. தொடுத்தால் அடக்கமாக நிற்கும், தலையில் வைத்தால் சீக்கிரம் வாடாது. எல்லாவற்றையும் கொடுத்த கடவுள் அதற்கு வாசனையை மட்டும் கொடுக்க மறந்துவிட்டார். அந்த மறதியைத் திருத்துவதற்கென்றே ஒருவர் அவதாரம் எடுத்திருப்பதாக ஊரெல்லாம் பேச்சாக இருந்தது. அழகர்கோவில் ரோட்டில் ஒரு தென்னந்தோப்பு, தோப்புக்குள் தகரக் கொட்டகை, கொட்டகைக்குள் மணச்சித்தர். அவர் கொடுக்கும் கனகாம்பரத்தை உள்ளங்கையில் வைத்து மூடி, கண்ணையும் மூடிக்கொண்டு, தெரிந்த மந்திரம் எதையாவது முணுமுணுத்துவிட்டு முகர்ந்து பார்த்தால் மல்லிகை மணக்குமாம்.

வெள்ளிக்கிழமை சாயங்காலமானால் ஷேர் ஆட்டோக்கள் அந்தத் தோப்பைத் தவிர வேறெங்கும் போக மறுத்தன. அழகரைப் பார்க்கக் கிளம்பியவர்கள்கூடப் பாதி வழியில் இறங்கிக்கொண்டார்கள். அழகர் எங்கேயும் போய்விட மாட்டார், சித்தர் எப்போது வேண்டுமானாலும் போய்விடலாம் என்பது அவர்கள் போட்ட கணக்கு. அந்தக் கூட்டம் போட்ட கணக்குகளில் சரியாக இருந்தது அது ஒன்றுதான்.

கொட்டகை வாசலில் ஒரு பித்தளை அண்டா. அதில் ரோஸ் நிறத்தில் தீர்த்தம். காவி வேட்டி கட்டிய சீடர் ஒருவர் துணியை அதில் நனைத்து, வருகிறவர்களின் வலது உள்ளங்கையை அழுத்தித் துடைத்துவிடுவார். தெய்வப் பூவைப் பாவக்கையால் தொடக்கூடாதாம். துடைத்த கையோடு வரிசையில் நகர்ந்தால், மேடையில் உட்கார்ந்திருக்கும் சித்தர் அந்தக் கையிலேயே ஒரு கிள்ளு கனகாம்பரத்தை வைப்பார். சின்னப் பெண்கள் முகர்ந்து பார்த்து மெய்சிலிர்ப்பார்கள். ஐ.டி. கம்பெனிப் பையன்கள் மெய்சிலிர்ப்பதை வீடியோ எடுப்பார்கள்.

சிக்கல் நரைத்த தலைகளுக்குத்தான். அவர்களில் பலருக்கு எதுவும் மணக்காது. சித்தர் அவர்களை இரக்கத்தோடு பார்ப்பார். வயதாக ஆகப் பாவம் சேரும், பாவம் சேரச் சேர மூக்குக்கும் தெய்வத்துக்கும் நடுவில் திரை விழும் என்பார். திரை நீக்கும் பூஜைக்குத் தனி வரிசை, தனிக் காணிக்கை. கண் மங்கினால் கண்ணாடி போடுகிறோம், காது மங்கினால் மிஷின் வைக்கிறோம். மூக்கு மங்கினால் மட்டும் பாவம் என்று சொன்னதை ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. விவரமான கிழவர்கள் அந்த வரிசைக்கும் போகவில்லை. 'ஆஹா, மணக்குது' என்று சொல்லிவிட்டு நல்ல பெயரோடு வீட்டுக்குப் போனார்கள்.

இத்தனைக்கும் நடுவில், சித்தருக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போடப்பட்டிருந்தது. அதில் பொன்னாடை போர்த்தி உட்கார்ந்திருந்தவர்தான் இந்தக் கதைக்கு நாயகர். பெயர் அழகுபாண்டி. ஊர் பழங்காநத்தம். தோப்பில் அவருக்குப் பட்டம் 'முதல் சாட்சி'. பழங்காநத்தத்தில் அவருக்கு இருந்த பட்டம் வேறு. அங்கே அவர் அறிவுச்சுடர் மன்றத்தின் தலைவர்.

மன்றம் என்றதும் பெரிய கட்டடத்தை நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு போர்டும் ஒரு பெஞ்சும். தலைவர் அழகுபாண்டி. துணைத் தலைவர், செயலாளர், பார்வையாளர் மூன்றும் அவருடைய நண்பர் லட்சுமிநாராயணன், பட்டுநூல் வியாபாரத்தைப் பிள்ளைகளிடம் ஒப்படைத்துவிட்டுப் பொழுது போகாமல் பகுத்தறிவுக்கு வந்தவர். அழகுபாண்டி கூட்டுறவுத் துறையில் ஆடிட் பார்த்து ஓய்வு பெற்றவர். ஆடிட் பார்த்தவருக்கு உலகமே சந்தேகம்தான். தெருமுனையில் மைக் கிடைத்தால் போதும், 'மூளையைக் கழட்டி வீட்டில் வைத்துவிட்டா வந்தீர்கள்' என்றுதான் பேச்சை ஆரம்பிப்பார்.

அவருடைய பேச்சில் தவறாமல் வருவது டிபன் பாக்ஸ் கதை. வண்டியூர் தெப்பக்குளத்துப் பக்கம் ஒருவர் ஞானக்கண் இருப்பதாகச் சொல்லிக் குறி சொல்லிக்கொண்டிருந்தாராம். அழகுபாண்டி மூடிய டிபன் பாக்ஸை அவர் முன்னால் வைத்து உள்ளே என்ன என்று கேட்டாராம். குங்குமம் என்றாராம் அவர். திறந்தால் இட்லி. 'டப்பாவை மூடிக் கொடு, பதிலைத் திறந்து பார். இதற்குமேல் எந்த விஞ்ஞானமும் தேவையில்லை' என்று முடிப்பார். கைதட்டலுக்காகக் கொஞ்சம் நிறுத்துவார். அவர் மனைவி பாண்டிமீனாவுக்கு அந்தக் கதை, நடுவில் அவர் இருமும் இடம் உள்பட, மனப்பாடம்.

பாண்டிமீனா டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வெள்ளி செவ்வாய் விளக்கேற்றுவார், வருஷத்துக்கொரு முறை அழகர்கோவிலுக்குப் போவார், தினமும் சாயங்காலம் தலையில் மல்லிகை வைப்பார். கணவர் இந்த மூன்றையும் கேலி செய்வார். பூவைக் கொஞ்சம் குறைவாகக் கேலி செய்வார், ஏனென்றால் அந்த மணம் அவருக்குப் பிடிக்கும்.

இப்படிப்பட்ட அழகுபாண்டி அந்த நாற்காலிக்குப் போய்ச் சேர்ந்ததற்குக் காரணம் ஒரு ஸ்பீடு பிரேக்கர்.

பழங்காநத்தம் ரவுண்டானாவைத் தாண்டி, வெள்ளைக்கோடு அழிந்துபோன ஒரு ஸ்பீடு பிரேக்கர் இருந்தது. அதன்மேல் ஸ்கூட்டர் ஏறியது, அழகுபாண்டி ஏறவில்லை. பின்னந்தலை தாரில் பட்டது. ஹெல்மெட் இருந்தது, முழங்கையில் தொங்கியபடி. தலைக்கவசம் கட்டாயம் என்று மன்றத்தின் சார்பில் தீர்மானம் போட்டவரும் அவர்தான். தீர்மானத்தில் எங்கே மாட்ட வேண்டும் என்று எழுதவில்லை என்று பின்னாளில் அவரே சொல்லிச் சிரிப்பார். அந்தச் சிரிப்புக்கு வந்து சேரத்தான் இத்தனை பாடு.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்ததும் அவர் கண்டுபிடித்தது, மனைவிக்குச் சமைக்க மறந்துவிட்டது என்பதைத்தான். ரசத்தில் சாரமில்லை, காபி வெந்நீராக இருக்கிறது என்று தினமும் குறை. ஒருநாள் ஊசிப்போன புளிக்குழம்பை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அன்றுதான் பாண்டிமீனாவுக்கு உறைத்தது.

அதற்கப்புறம் மணம் வந்தது. ஷேவ் பண்ணும்போது, செய்தித்தாள் படிக்கும்போது, பாத்ரூமில்கூட, திடுதிப்பென்று மல்லிகை மணம். சில நேரம் அந்த மணத்தோடு ஆளும் அரை நிமிஷம் காணாமல் போனார். கண் திறந்திருக்கும், பார்வை இருக்காது. வாய் எதையோ மெல்லும். விரல்கள் சட்டைப் பொத்தானைத் திருகும். கூப்பிட்டால் பதில் வராது. பிறகு ஒன்றுமே நடக்காதது போல விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்வார்.

நரம்பு டாக்டர் பவதாரிணி ஸ்கேனைப் பார்த்துவிட்டு நிதானமாக விளக்கினார். மூக்கிலிருந்து மூளைக்குப் போகும் நரம்புகள் நூலைவிட மெல்லியவை. தலை அடிபட்டுக் குலுங்கியபோது அவை அறுந்திருக்கின்றன. அதனால் வாசனை போய்விட்டது. வயதானவர்களில் பலருக்கு அடிபடாமலே வாசனை கொஞ்சம் கொஞ்சமாக மங்கும், அது அவர்களுக்கே தெரியாது. இவருக்கு ஒரே நாளில் போயிருக்கிறது.

"அப்ப இந்த மல்லி வாசம்?" என்று கேட்டார் பாண்டிமீனா.

"மூக்குல இருந்து தகவல் வரலைன்னா மூளை சும்மா இருக்காதும்மா. பழைய ஸ்டாக்ல இருந்து எதையாவது எடுத்து நீட்டும். அதுபோக மூளையில ஒரு தழும்பு இருக்கு. சார் அரை நிமிஷம் இல்லாமப் போறாருல்ல, அது சின்ன வலிப்பு. மாத்திரையை விட்டா ஒருநாள் பெருசா வரும். வண்டி ஓட்டவே கூடாது."

  மூளைதான் அழகுபாண்டியின் ஒரே சொத்து. அடுத்தவனைப் பார்த்து 'மூளை இருக்கிறதா' என்று கேட்டே காலம் தள்ளியவரிடம், உங்கள் மூளையில் தழும்பு என்று மகள் வயதுப் பெண் சொல்லிவிட்டாள். கால் உடைந்திருந்தால் ஊரெல்லாம் காட்டியிருப்பார். இதை லட்சுமிநாராயணனிடம்கூட அவர் சொல்லவில்லை. மாத்திரையை வைட்டமின் என்றார்.

அந்த நேரம் பார்த்துத்தான் மணச்சித்தரின் புகழ் மன்றத்தின் பெஞ்சுவரை வந்து சேர்ந்தது. அழகுபாண்டிக்கு உற்சாகம் பிறந்தது. ஒரு மோசடியைப் பிடித்தால் தன் மூளை நன்றாக இருக்கிறது என்று உலகத்துக்கும், குறிப்பாகத் தனக்கும், நிரூபித்துவிடலாம். லட்சுமிநாராயணனைக் கூட்டிக்கொண்டு தோப்புக்குக் கிளம்பினார்.

வாசலில் சீடர் ஈரத் துணியோடு வந்தபோது அழகுபாண்டி கையை இழுத்துக்கொண்டார். தன் கை சுத்தமாகத்தான் இருக்கிறது, யாரும் துடைக்க வேண்டாம் என்றார். மேடையில் பூவை வாங்கினார். தோற்கடிக்கப் போகிற கம்பீரத்தோடு முகர்ந்தார்.

மல்லிகை. கொடியிலிருந்து அப்போதுதான் பறித்தது போன்ற மல்லிகை.

அவர் முகம் மாறியதைக் கூட்டம் பார்த்தது. அவரைவிட அதிகமாக அதிர்ந்துபோனவர் சித்தர்தான். துடைக்காத கையில் பூ மணக்கிறதென்றால் அவருக்கே விளங்கவில்லை. ஒருவேளை தனக்கு நிஜமாகவே சக்தி வந்துவிட்டதோ என்று ஒரு கணம் பயந்துபோனார் மனுஷர். ஆனால் தொழில் தெரிந்தவர், பயத்தை உடனே பயன்படுத்திக்கொண்டார். நாத்திகர் தலைவருக்கே அருள் கிடைத்துவிட்டது என்று மைக்கில் அறிவித்தார். ஒரு சீடர் நாற்காலி கொண்டு வந்தார். இன்னொருவர் பொன்னாடை கொண்டு வந்தார். தலைவரின் முகத்தைப் பார்த்த லட்சுமிநாராயணன், தனக்கும் மணக்கிறது என்றார்.

அழகுபாண்டி விஞ்ஞானப்படிதான் யோசித்தார். தீர்த்தம் தொடவில்லை, அதனால் தந்திரத்துக்கு வழியில்லை. பூ கனகாம்பரம், அதில் சந்தேகமில்லை. மணம் மல்லிகை, அதிலும் சந்தேகமில்லை. அப்படியானால் அற்புதம் உண்மை. சோதனையில் ஓட்டையே இல்லை, சோதித்த மூக்கைத் தவிர. டாக்டர் சொன்னது அவருக்கு ஞாபகம் வராமல் இல்லை. வந்தது, அவர்தான் உட்காரச் சொல்லவில்லை. மூளையில் அடி என்று ஒப்புக்கொள்வதைவிடக் கடவுள் வந்தார் என்று ஒப்புக்கொள்வது கௌரவமாக இருந்தது. நாத்திகம் போனால் போகட்டும், மூளை மிஞ்சியதே.

வாரா வாரம் நாற்காலி அவருக்குக் காத்திருந்தது. அரை நிமிஷம் காணாமல் போவதற்கு சித்தர் சமாதி நிலை என்று பெயர் வைத்தார். அந்த நேரத்தில் அவர் காலில் விழுந்தால் விசேஷம் என்றும் சொல்லிவைத்தார். மாத்திரை அருளை மறைக்கும் என்றார். மறுநாளிலிருந்து அழகுபாண்டி மாத்திரையை நாக்குக்கடியில் ஒதுக்கிக்கொண்டு போய் வாஷ்பேசினில் துப்ப ஆரம்பித்தார். ஸ்கூட்டர் சாவியையும் தேடி எடுத்துவிட்டார்.

ஒருநாள் காலையில் பாண்டிமீனா பால் பாக்கெட் வாங்கக் கடைக்குப் போய்த் திரும்பினார். வாசற்படியிலேயே கேஸ் வாடை அடித்தது. உள்ளே ஓடினால், காபிக்கு வைத்த வெந்நீர் பொங்கி அடுப்பை அணைத்திருக்க, பர்னர் சீறிக்கொண்டிருந்தது. அடுப்புக்கு எதிரே அழகுபாண்டி நின்றிருந்தார். வாய் மென்றுகொண்டிருந்தது. விரல் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தது. கையில் லைட்டர்.

பாண்டிமீனா சிலிண்டரை மூடி, லைட்டரைப் பிடுங்கி, ஜன்னலையெல்லாம் திறந்துவிட்டு வந்தபோது கணவருக்கு நினைவு திரும்பியிருந்தது.

"கேஸ் வாடை வரல உங்களுக்கு?"

"இல்லையே," என்றார் அழகுபாண்டி சாந்தமாக. "மல்லி வாசம்தான் வருது."

பாண்டிமீனா சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டார்.  இனி இந்த மனுஷரை வீட்டில் தனியே விடவும் முடியாது, ரோட்டில் விடவும் முடியாது. வாஷ்பேசினில் ஒட்டியிருந்த பாதி கரைந்த மாத்திரையை அன்றைக்குத்தான் பார்த்தார். அழுதார், திட்டினார். டாக்டர் சொன்னதை எடுத்துச் சொன்னார். அழகுபாண்டி எல்லாவற்றுக்கும் ஒரே பதில் வைத்திருந்தார். டாக்டருக்கு நரம்பு தெரியும், சித்தருக்கு ஆத்மா தெரியும்.

ஆத்மா என்ற சொல் தன் வீட்டில் அவர் வாயிலிருந்து வந்ததைக் கேட்டுப் பாண்டிமீனா வாதாடுவதை விட்டுவிட்டார்.

அடுத்த வெள்ளிக்கிழமை அவர் யாருக்கும் சொல்லாமல் தோப்புக்குப் போய், முக்காடு போட்டு முகத்தை மறைத்துக்கொண்டு வரிசையில் நின்றார். கணவர் முதல் தடவை செய்ததையே தானும் செய்தார், கையைத் துடைக்க விடவில்லை. பூவை முகர்ந்தார். கனகாம்பரம் கனகாம்பரமாகவே இருந்தது. பக்கத்தில் நின்ற ஒரு பெண் தன் பூவை முகர்ந்து சிலிர்த்துக்கொண்டிருந்தாள். பாண்டிமீனா அவளிடம் கேட்டு அந்தப் பூவை வாங்கி முகர்ந்தார், மணமில்லை. அவள் கையைப் பிடித்து முகர்ந்தார். குப்பென்று மணந்தது. வந்த சுவடு தெரியாமல் வீடு திரும்பினார்.

வீட்டில் இதைச் சொன்னதற்கு அழகுபாண்டி சிரித்தார். அப்படியே இருந்தாலும் அது மற்றவர்கள் விஷயம், தன் கையில்தான் தீர்த்தமே படவில்லையே என்றார்.

அப்போதுதான் பாண்டிமீனாவுக்கு உண்மையிலேயே கோபம் வந்தது.

"உங்க மண்டைக்குள்ள இருக்கற மல்லி அவன் குடுத்ததா? நான் வச்ச பூவுங்க அது. கலியாணம் ஆன நாள்ல இருந்து தினம் சாயங்காலம் நான் தலையில வச்ச பூவு. அதை எவனோ ஒருத்தன் தான் குடுத்தேங்கறான், நீங்களும் பொன்னாடையைப் போத்திக்கிட்டுத் தலையாட்டுறீங்க."

 அழகுபாண்டி, எதையும் சோதித்துப் பார்க்கத் தான் எப்போதும் தயார் என்று மார்தட்டினார். பாண்டிமீனா அந்த வார்த்தைக்காகத்தான் காத்திருந்தார்.

"சரி, உங்க டிபன் பாக்ஸ் கதையே இருக்கட்டும். வார வெள்ளிக்கிழமை டப்பாவை மூடிக் கொண்டு வாரேன். மேடையில வச்சு, கண்ணை மூடிக்கிட்டு மோந்து சொல்லுங்க. சரியாச் சொல்லிட்டீங்கன்னா அப்புறம் மாத்திரைப் பேச்சே எடுக்க மாட்டேன். தப்பாச் சொன்னா சாவியும் மாத்திரையும் என் கையில."

அழகுபாண்டி சம்மதித்தார். தன்னுடைய சோதனையைத் தானே மறுக்க எந்தத் தலைவராலும் முடியாது.

வெள்ளிக்கிழமை தோப்பு நிறைந்து வழிந்தது. முதல் சாட்சியின் மனைவியே பூ கொண்டு வந்திருக்கிறார் என்றதும் சித்தருக்குப் பெருமை தாங்கவில்லை. பாண்டிமீனா மேடையேறி, ஒரு எவர்சில்வர் சம்படத்தை அவர் முன்னால் வைத்தார்.

"சாமி, பெட்டியை மூடியபடியே ஆசீர்வாதம் பண்ணணும். உங்க சக்திக்கு ஒரு மூடி பெருசா?"

சித்தர் சிரித்து, சம்படத்தின் மேல் கையை வைத்துக் கண்ணை மூடி நீளமாக ஏதோ சொன்னார். உள்ளே இருக்கும் கனகாம்பரம் இனி தெய்வமல்லி என்று அறிவித்து, முதல் சாட்சியிடம் கொடுத்தார். அழகுபாண்டி எழுந்தார். பொன்னாடையைச் சரி செய்துகொண்டார். கண்ணை இறுக மூடி, மூடியைத் திறந்து, சம்படத்தை மூக்குக்குக் கொண்டுபோய் ஆழமாக இழுத்தார். முகத்தில் ஒரு பரவசம் வந்தது.

"மல்லி," என்றார் மைக்கில். "சுத்தமான மல்லி."

கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. ஆனால் முன்வரிசையில் ஒரு மாற்றம் தெரிந்தது. பெண்கள் முந்தானையால் மூக்கைப் பொத்தினார்கள். ஒருவர் எழுந்து பின்னால் போனார். சித்தரின் மூக்கு நல்ல மூக்கு. அதற்கு விஷயம் எட்டியதும் அவர் முகம் கோணியது. என்ன செய்வார் பாவம். இது மல்லி இல்லை என்றால் சாட்சி பொய், சாட்சி பொய்யென்றால் சித்தர் பொய். சம்படத்தை வாங்கி அவரும் ஒரு முறை முகர்ந்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"தெய்வ மணம்," என்றார் மூச்சைப் பிடித்துக்கொண்டு.

பாண்டிமீனா சம்படத்தை வாங்கிக் கூட்டத்தைப் பார்த்துச் சாய்த்தார். உள்ளே நெத்திலிக் கருவாடு.

 பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சிரிப்பு வரிசை வரிசையாக முன்னால் வந்தது.

அழகுபாண்டி கண்ணைத் திறந்து பார்த்தார். ஒரு நெத்திலியைக் கையில் எடுத்தார். தலையும் வாலும் உப்புமாக அது கருவாடேதான். மறுபடி மூக்கில் வைத்தார். மல்லிகைதான் மணந்தது. கண் ஒன்று சொல்கிறது, மூக்கு ஒன்று சொல்கிறது. கூட்டமெல்லாம் மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்க, தனக்கு மட்டும் கருவாடு மல்லியாக மணக்கிறது. வாழ்நாளெல்லாம் அடுத்தவர்களுக்குப் போதித்த சோதனை தன் உள்ளங்கையில் உட்கார்ந்து தன்னையே முறைத்தது. அவருக்கு அவமானமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது. லைட்டரோடு அடுப்பு முன்னால் நின்றது அப்போதுதான் அவருக்கு நடந்ததாகப் பட்டது.

அவர் மனைவியைப் பார்த்தார். பாண்டிமீனா சிரிக்கவில்லை, அழுதுகொண்டிருந்தார். அழகுபாண்டி மைக்கைக் கையில் எடுத்தார்.

"இது கருவாடு. கண்ணுக்குத் தெரியுது. ஆனா எனக்கு இப்பவும் மல்லிதான் மணக்குது. ஏன்னா எனக்கு மூளையில அடிபட்டிருக்கு. டாக்டர் சொன்னாங்க, நான் வெக்கப்பட்டுக்கிட்டு மறைச்சேன்." பொன்னாடையைக் கழற்றி நாற்காலியில் போட்டார். "எனக்கு அருளும் இல்ல, ஒண்ணும் இல்ல. நீங்கெல்லாம் அடிபடாதவங்க. பூவைக் கீழ வச்சிட்டு, வெறுங்கையை மோந்து பாருங்க."

கூட்டம் குனிந்தது. பூவைக் கீழே போட்டது. கையை முகர்ந்தது. சின்னப் பெண்கள்தான் முதலில் கத்தினார்கள், வெறுங்கை மணக்கிறது என்று. கீழே கிடந்த பூவை எடுத்து முகர்ந்தால் மணமே இல்லை. ஒரு வாலிபர் வாசலுக்கு ஓடி அண்டாவை முகர்ந்துவிட்டு, ஊதுபத்திக் கம்பெனியில் ஊற்றுகிற எசன்ஸ் இது என்று அங்கிருந்தே அறிவித்தார். அவர் ஊதுபத்திக் கம்பெனியில்தான் வேலை பார்த்தாராம். அண்டாவை யாரோ கவிழ்த்தார்கள். தோப்பு அப்புறம் பல நாள் மணந்துகொண்டிருந்தது.

திரை நீக்கும் வரிசையில் நின்ற நரைத்தலைகள் பாவம் நீங்கிய முகத்தோடு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டன. லட்சுமிநாராயணன் மெதுவாக மேடைப் பக்கம் வந்தார். தனக்கு இரண்டு வருஷமாக எதுவுமே மணப்பதில்லை, அன்றைக்கு மணக்கிறது என்று சொன்னது சும்மா என்றார். தலைவருக்கு மணக்கும்போது துணைத் தலைவருக்கு மணக்காமல் போனால் நன்றாகவா இருக்கும் என்றும் கேட்டார்.

கூட்டம் திரும்பிப் பார்த்தபோது மேடையில் சித்தர் இல்லை. அவருடைய காவி வேட்டி தென்னை மரங்களுக்கு நடுவே போய்க்கொண்டிருந்தது. அதற்குள் இருந்தவருக்குப் பேயாண்டி என்று பெயர் என்பதும், முன்பு அவர் சென்ட் பாட்டிலைப் பஸ் ஸ்டாண்டில் கூவி விற்றவர் என்பதும் போலீஸ் பிடித்த பிறகு தெரிந்தது. தோப்பிலேயே ஒருவர், கருவாட்டையும் மல்லியாக்கியது சித்தர் செய்த அற்புதம்தானே என்று வாதாடிக்கொண்டிருந்தார். அவரோடு யாரும் பேசவில்லை. மூக்கு கெட்டால் டாக்டர் இருக்கிறார்.

மாத்திரை திரும்பவும் ஆரம்பமானது. பாண்டிமீனா எதிரே நின்று, விழுங்கிய பிறகு வாயைத் திறந்து காட்டச் சொன்னார். முன்னாள் ஆடிட்டர் ஆடிட்டுக்கு அடங்கிப் போனார். ஸ்கூட்டர் விற்கப்பட்டது. சமையலறையில் கேஸ் கசிந்தால் அலறும் கருவி ஒன்று மாட்டப்பட்டது. அது அவருடைய புது மூக்கு என்று வருகிறவர்களுக்கெல்லாம் அவரே அறிமுகம் செய்துவைத்தார்.

அரை நிமிஷம் காணாமல் போவது நின்றது. கொஞ்சம் கொஞ்சமாக மல்லிகையும் நின்றது. ஒரு சாயங்காலம் பாண்டிமீனா பூ வைத்துக்கொண்டிருந்தபோது அவர் பின்னால் போய் நின்று முகர்ந்து பார்த்தார்.

"மணக்குதா?" என்றார் பாண்டிமீனா, திரும்பாமல்.

"இல்ல."

"நல்லது," என்றார். குத்திய ஹேர்பின்னை எடுத்து மறுபடி குத்தினார். அழகுபாண்டிக்கும் துக்கமாகத்தான் இருந்தது. பொய் மணமானாலும் அது இந்தத் தலையிலிருந்து வந்தது. இருந்தும் தினமும் ஒருமுறை முகர்ந்து பார்ப்பதை அவர் நிறுத்தவில்லை.

கதை இங்கே முடிந்திருந்தால் ஊர் திருந்தியது என்று எழுதிவிடலாம். ஒரு காலையில் லட்சுமிநாராயணன் மூச்சிரைக்க வந்து, ரவுண்டானாவுக்கு வந்து பாருங்கள் அண்ணே என்று கூட்டிப்போனார். அங்கே அந்த ஸ்பீடு பிரேக்கருக்கு மஞ்சள் பூசி, பொட்டு வைத்து, கனகாம்பரச் சரம் சாத்தியிருந்தார்கள். பத்திருபது பேர் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்கள். இந்த இடத்தில் விழுந்தவருக்குத்தான் கருவாடும் மல்லியாக மணந்ததாம். அழகுபாண்டியைப் பார்த்ததும் ஒருவர் பயபக்தியோடு கையைக் கூப்பிக்கொண்டு முன்னால் வந்தார்.

"ஐயா, எந்தப் பக்கமா விழுந்தீங்க? முன்னாடியா, பின்னாடியா?"

அழகுபாண்டி தலையில் கையை வைத்துக்கொண்டார். வைத்த இடத்தில் தழும்பு தட்டுப்பட்டது.

"பின்னாடிதாய்யா. விழுந்தவன் சொல்றேன், கேட்டுக்கங்க. தலைக்கு வெளிய ஹெல்மெட்டை மாட்டுங்க, தலைக்குள்ள இருக்கறதை அப்பப்ப வேலை வாங்குங்க. அடிபட்ட மூளையே இம்புட்டு யோசிக்குது. அடிபடாத உங்க மூளைக்கு என்னய்யா கேடு?"